முப்பத்தெட்டு எழுத்து எதற்கு? – ஸ்லாவிய எழுத்துகள் பிறந்த கதை



போன தவணையில் படிவம் இரண்டு வகுப்பில் கட்டுரைத் தாள்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வட்டங்கள் நிறைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், ல, ள, ழ மூனும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது. பேசாம ரூமியிலயே எழுதிட்டா என்ன? வாட்ஸ்அப்ல எங்க அம்மாவே அப்படித்தான் எழுதுறாங்க. எல்லாருக்கும் புரியுதே!"

வகுப்பே சிரித்தது. "நம்ம மொழிக்கு நம்ம எழுத்துதான்பா அழகு" என்று நாம் எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்லி முடித்துவிட்டேன். அவன் தலையை ஆட்டினான். ஆனால் பதில் கிடைத்த முகம் இல்லை அது. உண்மையைச் சொன்னால், எனக்கே அந்தப் பதில் திருப்தியாக இல்லை.

பிறகு பள்ளி விடுமுறையில் உலக எழுத்துகளின் வரலாற்றைப் படிக்கும்போது, அதே கேள்வி வேறொரு நாட்டில், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டது தெரிந்தது. "கிரேக்கத்தில் 24 எழுத்து இருக்கிறதே, அது போதாதா? உங்களுக்கு மட்டும் எதற்கு 38?" என்று பல்கேரியாவில் சிலர் கேட்டார்கள். ஒரு துறவி உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதினார். அந்தப் பதிலையும், அது காப்பாற்ற நினைத்த எழுத்தின் கதையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

ஆசிரியர் கேட்டு வந்த தூது

ரஷ்யர், உக்ரேனியர், போலந்துக்காரர், செக், செர்பியர், குரோவாசியர், பல்கேரியர் – இவர்கள் பேசும் மொழிகள் எல்லாம் ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 9ஆம் நூற்றாண்டில் இந்த மொழிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தன. ஓர் ஊர்க்காரர் பேசுவது இன்னோர் ஊர்க்காரருக்குப் புரியும். ஆனால் அவர்களுக்கென்று முறையான எழுத்து கிடையாது.

862ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய செக், சுலோவாக்கியா பகுதியில் இருந்த மொராவியா நாட்டின் அரசர் ரஸ்திஸ்லாவ், பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் மைக்கேலுக்குத் தூது அனுப்பினார். அவர் கேட்டது படையோ பணமோ இல்லை, ஆசிரியர்! அவருடைய நாட்டில் ஏற்கெனவே பவேரியாவிலிருந்து வந்த கிறிஸ்துவக் குருமார்கள் இருந்தார்கள். வழிபாடு லத்தீனில் நடந்தது. மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பது கோரிக்கை. பவேரியச் செல்வாக்கிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டும் என்ற அரசியல் கணக்கும் அதில் இருந்தது.

பேரரசர் இரண்டு சகோதரர்களைத் தேர்ந்தெடுத்தார். அண்ணன் மெதோடியஸ், தம்பி கான்ஸ்டன்டைன். இருவரும் கிரேக்க நகரமான தெசலோனிக்காவில் பிறந்தவர்கள். அந்த ஊரைச் சுற்றி ஸ்லாவிய மக்கள் நிறைய பேர் குடியிருந்ததால், இருவருக்கும் அந்த மொழி சரளம். கான்ஸ்டன்டைன் 'தத்துவஞானி' என்று பெயர் எடுத்த அறிஞர். கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பாடம் சொன்னவர். இந்தக் கான்ஸ்டன்டைன்தான் பிற்காலத்தில் சிரில் என்று அறியப்பட்டவர்.

புறப்படுவதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, ஸ்லாவிய மொழிக்கு ஓர் எழுத்தை உருவாக்கியது. 863இல் சகோதரர்கள் மொராவியா போய்ச் சேர்ந்தபோது, அந்த எழுத்தும் மொழிபெயர்த்த பகுதிகளும் கையோடு போயின.

கிரேக்க எழுத்து ஏன் போதவில்லை?

இங்கேதான் என் மாணவனின் கேள்வி வருகிறது. கான்ஸ்டன்டைனுக்குக் கிரேக்கம் தாய்மொழி. கையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைமையுள்ள எழுத்து இருக்கிறது. அதிலேயே எழுதிவிட்டுப் போகலாமே?

முடியாது. ஏனென்றால் ஸ்லாவிய மொழியில் இருந்த பல ஒலிகள் கிரேக்கத்தில் இல்லை. சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

முதலாவது, 'தம்பி', 'அம்பு' என்று சொல்லும்போது ம்-க்குப் பின்னால் வரும் ப ஒலி. ஸ்லாவிய மொழியில் இது சொல்லின் முதலிலேயே வரும். கடவுளைக் குறிக்கும் சொல்லே இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. கிரேக்கத்தில் பேட்டா என்ற எழுத்து இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் 9ஆம் நூற்றாண்டுக்குள் கிரேக்கர்கள் அதை 'வ' போல உச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, அந்த ஒலிக்கு எழுத்தே இல்லாமல் போயிற்று.

இரண்டாவது, ச, ஷ வகை ஒலிகள். ஸ்லாவிய மொழியில் 'ச்ச', 'ஷ', 'த்ஸ', அப்புறம் 'டெலிவிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் வருகிற ஒலி என்று ஒரு பட்டாளமே உண்டு. கிரேக்கத்தில் இவற்றுக்கு இடமே இல்லை.

மூன்றாவது, மூக்கொலி உயிர்கள். நாம் பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசியில் உதட்டை மூடாமல் மூக்காலேயே முடித்துவிடுகிறோம் அல்லவா? அது மாதிரியான உயிர்கள் அந்த மொழியில் தனி ஒலிகளாகவே இருந்தன.

நான்காவது, நமக்கு ரொம்பப் பழக்கமானது. மிகக் குறுகி ஒலிக்கும் ஓர் உகரமும், மிகக் குறுகி ஒலிக்கும் ஓர் இகரமும்! கேட்டதும் குற்றியலுகரம், குற்றியலிகரம் நினைவுக்கு வரும். இரண்டு மொழிக்கும் இதில் தொடர்பு எதுவும் இல்லை, ஒற்றுமை மட்டும்தான். நாம் அவற்றுக்குத் தனி வடிவம் வைக்காமல் இலக்கண விதியாகச் சொல்லித் தருகிறோம். கான்ஸ்டன்டைன் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்தே கொடுத்துவிட்டார்.

இப்படி ஒலி ஒலியாகக் காதால் கேட்டு, 'இது வேறு, அது வேறு' என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் கொடுத்து அவர் அமைத்த எழுத்துக்கு இன்று கிளகோலித்திக் என்று பெயர். 'சொல்' என்ற பொருள் தரும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வட்டம், வளையம், கொக்கி என்று சுழன்று சுழன்று போகும் எழுத்துகள். முதல் எழுத்து ஒரு சிலுவை போலவே இருக்கும். 'ஷ' எழுத்து எபிரேய எழுத்தைப் பார்த்து அமைத்தது. பெரும்பாலான எழுத்துகளோ எதைப் பார்த்து வரைந்தவை என்று அறிஞர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

எழுத்துகளின் பெயர்களும் அழகானவை. முதல் எழுத்தின் பெயர் 'அஸ்' – 'நான்' என்று பொருள். இரண்டாவது 'புக்கி' – 'எழுத்து'. அடுத்தடுத்து 'அறிதல்', 'பேசுதல்', 'நன்மை' என்று போகும். முதல் இரண்டு பெயர்களையும் சேர்த்துத்தான் நெடுங்கணக்கை 'அஸ்புக்கா' என்கிறார்கள். நாம் 'அரிச்சுவடி' என்று சொல்வது போல.

மூன்று மொழிக்கு மட்டுமா உரிமை?

புது எழுத்து என்றால் எதிர்ப்பும் வரத்தானே செய்யும்? எபிரேயம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே இறைவனைப் போற்றலாம் என்று மேற்கத்தியக் குருமார்களில் ஒரு சாரார் வாதிட்டார்கள். இயேசுவின் சிலுவைக்கு மேல் வைத்த பலகை அந்த மூன்று மொழிகளில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். 867இல் வெனிஸ் நகரில் கான்ஸ்டன்டைன் இவர்களோடு நேருக்கு நேர் வாதம் செய்தார் என்று அவருடைய வரலாற்று நூல் சொல்கிறது. ஆர்மேனியர், ஜார்ஜியர் என்று தங்கள் சொந்த எழுத்தில் வழிபடும் மக்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் காட்டினாராம்.

ரோமில் போப் இரண்டாம் ஹாட்ரியன் ஸ்லாவிய வழிபாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தார். ஆனால் கான்ஸ்டன்டைன் ஊர் திரும்பவில்லை. நோய்வாய்ப்பட்டு, துறவறம் பூண்டு, சிரில் என்ற பெயரை ஏற்றுக்கொண்டு, 869 பிப்ரவரி 14ஆம் நாள் ரோமிலேயே இறந்துபோனார். நாம் அறிந்த 'சிரில்' என்ற பெயரோடு அவர் வாழ்ந்தது சில வாரங்கள் மட்டுமே.

அண்ணன் மெதோடியஸ் பணியைத் தொடர்ந்தார். 885இல் அவரும் இறந்தார். அதோடு மொராவியாவில் நிலைமை தலைகீழானது. மாணவர்கள் விரட்டப்பட்டார்கள். சிலர் சிறைப்பட்டார்கள். சிலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். யோசித்துப் பாருங்கள், எழுத்து பிறந்து 25 ஆண்டுகூட ஆகவில்லை. அது பிறந்த வேலைக்கான நாட்டிலேயே அதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

காப்பாற்றியவர்கள் ஆசிரியர்கள்

விரட்டப்பட்டவர்களில் கிளெமென்ட், நாவும் போன்றோர் தெற்கே பல்கேரியாவுக்குப் போனார்கள். அரசர் போரிஸ் அவர்களை வரவேற்றார். அவருக்கும் கிரேக்கக் குருமார்களை நம்பியிராத, சொந்த மொழியில் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

கிளெமென்ட் தென்மேற்கே ஓஹ்ரிட் ஏரிப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். இன்று அது வட மாசிடோனியாவில் இருக்கிறது. அங்கே அவர் 3,500 மாணவர்களுக்குப் பாடம் சொன்னதாக, பிற்காலத்தில் அவருடைய வரலாற்றை எழுதிய பேராயர் தியோபிலாக்ட் குறிப்பிடுகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தின் வடிவத்தைக் காட்டுவது, அடுத்த நிலையினருக்கு எழுதியதன் பொருளைச் சொல்வது, இன்னும் சிலருக்குக் கை பழக்குவது என்று நிலை நிலையாகக் கற்பித்தாராம். நாம் இன்று 'நிலைக்கேற்ற கற்பித்தல்' என்று பாடத்திட்டத்தில் எழுதுவதை அவர் ஏரிக்கரையில் செய்துகொண்டிருந்திருக்கிறார்!

அதே நேரத்தில் கிழக்கே, தலைநகர் பிரெஸ்லாவில் இன்னொரு மாற்றம் நடந்தது. பல்கேரிய அரசவையில் கிரேக்க எழுத்து ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. கல்வெட்டெல்லாம் கிரேக்கத்தில்தான் வெட்டினார்கள். அவர்களுக்குக் கிளகோலித்திக்கின் வளையங்கள் புதியவை, எழுதவும் நேரம் எடுக்கும். அதனால் ஒரு சமரசம் பிறந்தது: கிரேக்கத்தோடு பொதுவாக உள்ள ஒலிகளுக்குக் கிரேக்க எழுத்தின் வடிவத்தையே வைத்துக்கொள்வது, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் தனி எழுத்து, அவற்றில் பல கிளகோலித்திக்கிலிருந்து எடுத்து எளிமையாக்கியவை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான இந்த எழுத்தைத்தான் இன்று சிரில்லிக் என்கிறோம்.

ஆக, சிரில் உருவாக்கியது சிரில்லிக் இல்லை! ஆசிரியரின் பெயர் பிற்காலத்தில் அதற்கு வந்துவிட்டது. 1047இல் நொவ்கோரத் நகரத்துக் குரு ஒருவர் நூல் ஒன்றைப் படியெடுத்துவிட்டு, 'குரிலோவித்சா'விலிருந்து, அதாவது சிரிலின் எழுத்திலிருந்து எடுத்தேன் என்று எழுதி வைத்தார். அவர் அங்கே குறிப்பிட்டது கிளகோலித்திக்கைத்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பெயர் பின்னால்தான் இடம் மாறியிருக்கிறது.

எது முந்தியது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. அந்தக் காலத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. கிளகோலித்திக்கில் முதல் எழுத்து 1, இரண்டாவது 2, மூன்றாவது 3 என்று அதன் சொந்த வரிசையிலேயே மதிப்பு இருக்கும். சிரில்லிக்கிலோ கிரேக்க எண்மதிப்பை அப்படியே எடுத்துக்கொண்டதால், இரண்டாவதாக நிற்கும் புதிய எழுத்துக்கு மதிப்பே இல்லை. மூன்றாவது எழுத்துக்குத்தான் 2. பின்னால் வந்து நடுவில் புகுந்த எழுத்து என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்று, போயானா நற்செய்தி நூல் போன்ற தோல் சுவடிகளில் பழைய கிளகோலித்திக்கைச் சுரண்டிவிட்டு அதன் மேல் சிரில்லிக்கில் எழுதியிருக்கிறார்கள்.

துறவி ஹ்ராபரின் பதில்

இந்த நேரத்தில்தான் கிரேக்கம் படித்தவர்கள், "24 எழுத்து போதாதா?" என்று கேட்டார்கள். 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஹ்ராபர் என்ற துறவி 'எழுத்துகளைப் பற்றி' என்ற சிறு நூலில் பதில் சொன்னார். ஹ்ராபர் என்றால் 'துணிந்தவர்' என்று பொருள். புனைபெயராக இருக்கலாம் என்கிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். முன்பு ஸ்லாவியர்கள் கோடும் கீறலும் போட்டுக் கணக்கு வைத்தார்கள். கிறிஸ்துவம் வந்த பிறகு கிரேக்க, லத்தீன் எழுத்துகளை வைத்து எந்த ஒழுங்கும் இல்லாமல் எழுதிப் பார்த்தார்கள். பிறகு கடவுள், வாழ்க்கை, தேவாலயம் என்று அன்றாடம் புழங்கும் சொற்களை வரிசையாகக் காட்டி, இவற்றைக் கிரேக்க எழுத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்கிறார். 38 எழுத்தில் 24 கிரேக்க முறைப்படி வந்தவை, மீதி 14 ஸ்லாவியப் பேச்சுக்காக வந்தவை என்று கணக்கும் கொடுக்கிறார்.

அதோடு விடவில்லை. கிரேக்கர்களும் 24ஐ மட்டும் வைத்தா எழுதுகிறார்கள்? இரட்டை உயிர்கள் 11, எண்களுக்கென்று வைத்திருக்கும் குறிகள் 3, எல்லாம் சேர்த்தால் உங்களுக்கும் 38தானே என்கிறார்! வகுப்பில் மடக்கும் மாணவனை ஆசிரியர் திருப்பி மடக்குவது போல இருக்கிறது.

'ஒழுங்கு இல்லாமல்' என்று அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. ஜெர்மனியில் கிடைத்த பிரைசிங் சுவடிகள், லத்தீன் எழுத்தில் எழுதப்பட்ட பழைய ஸ்லாவியப் பிரதிகள். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டியவை. அவற்றில் ஒரே ஒலிக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு எழுத்து வரும். ஒரே எழுத்து வேறு வேறு ஒலிகளுக்கு நிற்கும். மொழி தெரிந்தவர் ஊகித்துப் படித்துவிடுவார். தெரியாதவர் தடுமாறுவார்.

இதைப் படித்தபோதுதான் என் மாணவனுக்கான பதிலின் முதல் பாதி கிடைத்தது. வாட்ஸ்அப்பில் ரூமித் தமிழ் புரிகிறது, உண்மைதான். ஏன் புரிகிறது? படிப்பவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும். தெரிந்த சொல்லை ஞாபகப்படுத்த எந்தக் கீறலும் போதும். ஆனால் தெரியாத சொல்லைத் தெரியாத ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்றால்? அங்கேதான் ஓர் எழுத்து முறையின் தரம் தெரியும்.

ஒன்ஃபிம் என்ற சின்னப் பையன்

இந்த எழுத்து எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு குட்டிக் கதை. ரஷ்யாவின் நொவ்கோரத் நகரில் 1951இலிருந்து பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய ஓலைகள் கிடைத்து வருகின்றன. ஈரமான மண் அவற்றைக் கெடாமல் வைத்திருந்தது. கூரான எழுத்தாணியால் கீறி எழுதியவை, நம் பனை ஓலை போலத்தான். இதுவரை ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. கடன் கணக்கு, குடும்பக் கடிதம், வழக்கு என்று சாதாரண மக்களின் எழுத்து.

1956இல் கிடைத்த சில பட்டைகள் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒன்ஃபிம் என்ற பையனுடையவை. ஆறு, ஏழு வயது இருக்கலாம். ஒரு பட்டையில் நெடுங்கணக்கு முழுவதும் எழுதியிருக்கிறான். அதன் கீழே 'ப, வ, க, த' என்று அகர வரிசை, பிறகு 'பெ, வெ, கெ, தெ', பிறகு 'பி, வி, கி, தி'. உயிர்மெய்ப் பயிற்சிதான்! மறுபக்கம் ஒரு மிருகத்தை வரைந்து, அது தன்னை மிருகம் என்று சொல்லிக்கொள்வது போல எழுதி, தானிலா என்ற நண்பனுக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறான். இன்னொரு பட்டையில் நெடுங்கணக்கைத் தொடங்கி, 11 எழுத்தோடு அலுத்துப்போய்க் குதிரைவீரன் படம் வரைந்துவிட்டான். அவன் வரைந்த மனிதர்களுக்குக் கையில் விரல் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். நம் பிள்ளைகளின் பயிற்றிக் கடைசிப் பக்கம் கண்முன் வருகிறதா?

எழுத்து கூடும், எழுத்து உதிரும்

சிரில்லிக் அதோடு நிற்கவில்லை. புதிய மொழிக்குப் போகும்போதெல்லாம் எழுத்து கூடியது. செர்பிய மொழிக்கு வூக் கராட்ஜிச் 1818இல் தம் அகராதியில் பேச்சுக்கு ஏற்ப எழுத்துகளைத் திருத்தி அமைத்தார். கசாக் மொழியில் ரஷ்ய எழுத்து 33உடன் தங்கள் ஒலிகளுக்காக 9 சேர்த்து 42 ஆக்கினார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஜாவி எழுத்தைப் பாருங்கள். அரபு எழுத்துகளுக்கு மூன்று புள்ளி வைத்துத்தான் மலாய் 'ங', 'ஞ', 'ப' ஒலிகள் பிறந்தன. பழைய தமிழிக் கல்வெட்டுகளில் ழ, ற, ன ஒலிகளுக்குத் தனி வடிவம் வந்ததும் இதே தேவையால்தான். எழுத்தைக் கடன் வாங்குவது தவறே இல்லை. காதைக் கடன் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

உதிர்ந்த எழுத்துகளும் உண்டு. அந்தக் குறுகிய உகர, இகர ஒலிகள் ரஷ்யப் பேச்சில் பிற்காலத்தில் மறைந்தன. ஆனால் உகர எழுத்தை மெய்யில் முடியும் பல சொற்களின் கடைசியில் ஒலியே இல்லாமல் 1918 வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். 'யாத்' என்று இன்னோர் எழுத்து. அதற்கு முன்பு தனி ஒலி இருந்தது. காலப்போக்கில் அது 'எ' ஒலியோடு கலந்துவிட்டது. பிறகு எந்தச் சொல்லுக்கு யாத், எந்தச் சொல்லுக்கு சாதாரண 'எ' என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டி மனப்பாடம் செய்தார்கள். தப்பாக எழுதினால் மதிப்பெண் போகும். 1918 சீர்திருத்தத்தில் யாத் நீக்கப்பட்டது.

நண்பர்களே, இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. "மூனும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்று என் மாணவன் சொன்னானே, அவனுக்கு ழகரம் ஏற்கெனவே ஒரு யாத். ஒலி இல்லாத வடிவம். மனப்பாடம் செய்து தப்பிக்க வேண்டிய பொறி. அப்படி ஆக்கியது யார்? நான் வட்டம் போட்டேன். ஆனால் வகுப்பில் எத்தனை தடவை 'வாழைப்பழம்' என்பதை ழகரத்தோடு சொல்லிக் கேட்க வைத்தேன்? அவசரத்தில் நானே 'வாளப்பளம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

வித்தியாசம் ஒன்று உண்டு. யாத்தின் ஒலி ரஷ்யப் பொதுப்பேச்சிலேயே போய்விட்டது. ழ அப்படி இல்லை. இன்னும் வாயில் இருக்கிறது, சொல்லுக்குச் சொல் பொருளை மாற்றுகிறது. நாம் ஒலியைக் கொடுத்தால் எழுத்து உயிரோடு இருக்கும். வடிவத்தை மட்டும் கொடுத்தால் அடுத்த தலைமுறை "இது எதுக்கு?" என்று கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்வி அப்போது நியாயமாகவும் இருக்கும்.

வகுப்பில் செய்து பார்த்தது

திரும்பப் பள்ளி தொடங்கியதும் மூன்று சிறு நடவடிக்கைகளைச் செய்து பார்த்தேன். உங்களுக்கும் உதவலாம்.

1. ரூமிப் போட்டி. குழு அ-வுக்கு 'குளம், குலம், பலம், பழம், பாலம், வாளி, வாலி, வழி, வலி' போன்ற சொற்களைக் கொடுத்து, விளக்கம் இல்லாமல் ரூமியில் எழுதச் சொல்லுங்கள். குழு ஆ அதைத் தமிழில் திருப்பி எழுத வேண்டும். எத்தனை சொல் சரியாகத் திரும்பி வருகிறது என்று அவர்களே எண்ணட்டும். ஹ்ராபரின் வாதத்தை நாம் சொல்லவே வேண்டாம், அவர்களே சொல்வார்கள்.

2. கண்ணை மூடிக் கேள். எழுத்தைக் காட்டாமல் 'வலி – வழி', 'புலி – புளி' என்று இணைச் சொற்களை ஆசிரியர் சொல்ல, ஒரே சொல்லா வேறு சொல்லா என்று மாணவர் கை தூக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நாம் உச்சரிப்பில் கவனமாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

3. எழுத்து ஆக்குநர். 'தம்பி'யில் வரும் ப ஒலிக்கும் 'பாட்டு'வில் வரும் ப ஒலிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்க வைத்து, நம் எழுத்து ஏன் இரண்டுக்கும் ஒரே வடிவம் வைத்திருக்கிறது என்று விவாதிக்கச் சொல்லுங்கள். இடத்தைப் பார்த்தே ஒலியைத் தெரிந்துகொள்ளலாம் என்பதை அவர்கள் கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்!

வகுப்பில் நேரம் இருந்தால் ரஷ்ய உணவகப் பெயர்ப்பலகைப் படம் ஒன்றைக் காட்டுங்கள். ரூமிக் கண்ணுக்கு 'பெக்டோபா' என்று தெரியும் சொல், உண்மையில் 'ரெஸ்தரான்'. வடிவம் ஒன்று, ஒலி வேறு என்பதை ஒரே படத்தில் காட்டிவிடலாம்.

கிளகோலித்திக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குரோவாசியாவில் அது பல நூற்றாண்டு நீடித்தது. கிர்க் தீவில் 1100ஆம் ஆண்டை ஒட்டி வெட்டிய பாஷ்கா கல்வெட்டு அதில்தான் இருக்கிறது. 1483இல் அந்த எழுத்தில் புத்தகமே அச்சானது. இன்று யாரும் அன்றாடம் எழுதுவதில்லை. ஆனால் குரோவாசியா 2023இல் யூரோ நாணயத்துக்கு மாறியபோது, 1, 2, 5 சென்ட் காசுகளில் அந்த எழுத்தைப் பொறித்தார்கள். அதைவிடப் பெரியது, சிரில் அன்று காதால் பிரித்துவைத்த ஒலிகளின் பட்டியல். வடிவம் மாறினாலும் அதுதான் சிரில்லிக்குக்குள் இன்னமும் இருக்கிறது.

என் மாணவன்? ரூமிப் போட்டியில் அவன் குழுவுக்கு ஒன்பதில் நான்குதான் சரியாக வந்தது. "டீச்சர், வலிக்கும் வழிக்கும் நாங்க ஒரே மாதிரி எழுதிட்டோம்" என்றான். அடுத்த கட்டுரையிலும் பிழை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் 'பலம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பழம்' என்று மாற்றியிருந்தான். எழுதும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தானாம்.